கைக்குள் வைத்த சிப்பால் காரைத் திறந்து ஸ்டார்ட் செய்வது

கேள்வி இதுதான்: பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோலுக்கடியில் ஒரு ஆர்எஃப்ஐடி சிப்பை (பக்கத்தில் ரீடர் வந்தால் ரேடியோ அலையில் பதில் சொல்லும் சிப்) வைத்துக்கொண்டு, அதை வைத்தே கார் கதவைத் திறக்கவும் வண்டியை ஸ்டார்ட் செய்யவும் முடியுமா? எந்தச் சிப்பை வாங்குவது? சாவிக்குள் இருக்கும் சிப்பையே எடுத்துக் கைக்குள் வைத்துவிட்டால் வேலை சுலபமாகிவிடாதா? வண்டி பத்து வருடப் பழையது, சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்வது.

முடியும். என் கையில் ஒன்று இருக்கிறது, தினமும் அதில்தான் வண்டியை எடுக்கிறேன். ஆனால் நீங்கள் சிப்பிலிருந்து யோசிக்க ஆரம்பித்திருக்கிறீர்கள், காரிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும். கார் மாறும், ரீடர் பிடிக்கவில்லை என்றால் கழற்றி வேறு மாட்டலாம், புரோகிராமைத் திருத்தலாம். கைக்குள் போன பொருளை மாற்ற வேண்டுமென்றால் தோலை மறுபடியும் கீற வேண்டும். அதனால் சிப்பைக் கடைசியாகத் தேர்ந்தெடுங்கள். இந்த ஒன்றை மட்டும் நீங்கள் ஏற்றுக்கொண்டால் போதும், மீதியெல்லாம் வயர் வேலைதான்.

முதலில் காரைப் பார்ப்போம். உங்கள் வண்டியில் பூட்டு ஒன்றில்லை, மூன்று இருக்கிறது. கதவு ஒன்று. இக்னிஷன் சிலிண்டரும் அதோடு சேர்ந்த ஸ்டீயரிங் லாக்கும் இரண்டாவது. மூன்றாவதுதான் பலருக்குக் கண்ணிலேயே படாதது, இம்மொபிலைசர். 1990களின் நடுவிலிருந்து கார்களில் பரவலாக வந்தது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் பேட்டரி இல்லாத ஒரு சின்ன ட்ரான்ஸ்பாண்டர் இருக்கும், இக்னிஷன் சிலிண்டரின் வாயைச் சுற்றி ஒரு வளையக் காயில் இருக்கும். சாவியை உள்ளே விட்டுத் திருப்பும்போது அந்தக் காயில் 125 அல்லது 134.2 கிலோஹெர்ட்ஸில் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது, அந்தப் புலத்திலிருந்தே ட்ரான்ஸ்பாண்டர் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறது. பதில் தப்பாக இருந்தால் இன்ஜின் கம்ப்யூட்டர் எரிபொருளையோ ஸ்பார்க்கையோ நிறுத்திவிடும், ஸ்டார்ட்டர் சுற்றினாலும் வண்டி கிளம்பாது.

ஆக, ஏற்கெனவே உங்கள் காரில் ஒரு ஆர்எஃப்ஐடி ரீடர் இருக்கிறது, உங்கள் சாவியில் ஒரு ஆர்எஃப்ஐடி சிப் இருக்கிறது. கையில் வைக்கிற சிப்பும் சில வகைகளில் அதே 125 கிலோஹெர்ட்ஸ்தான். அப்படியென்றால் இதையே அதற்குப் பழக்கிவிட முடியாதா என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

அலைவரிசை ஒன்றாக இருப்பதால் மட்டும் பேச்சு ஒன்றாகிவிடாது. கையில் வைக்கும் சாதாரண 125 கிலோஹெர்ட்ஸ் சிப், புலத்துக்குள் வந்ததும் தன் எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். கார் சாவிச் சிப் அப்படியில்லை. கார் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு எண்ணை அனுப்பும், சிப் தனக்குள் இருக்கிற ரகசியச் சாவியால் அதைக் கணக்கிட்டு விடையைத் திருப்பி அனுப்பும். ரகசியச் சாவி வெளியே வருவதே இல்லை. இந்தக் கணக்கு முறை ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் வேறு, பெரும்பாலும் வெளியே சொல்லாமல் வைத்திருந்தவை. அவற்றில் பல உடைந்தும் விட்டன: டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் 40 பிட் ட்ரான்ஸ்பாண்டரை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆட்களும் ஆர்எஸ்ஏ ஆய்வகமும் சேர்ந்து 2005லேயே உடைத்துக் காட்டினார்கள், ஹிட்டாக் 2 என்ற இன்னொரு சாவிச் சிப்பின் 48 பிட் முறை பற்றிய ஆய்வு 2012ல் வந்தது, மெகாமோஸ் கிரிப்டோ என்ற மற்றொன்றைப் பற்றிய கட்டுரையை 2013ல் ஃபோக்ஸ்வேகன் இங்கிலாந்து நீதிமன்றத்தில் தடை வாங்கி நிறுத்தி வைத்து, அது 2015ல்தான் வெளியானது. உடைந்திருக்கிறதே, அப்படியானால் நம் சாவியை நாமே நகல் எடுக்கலாமே என்றால், சில பழைய மாடல்களுக்கு எடுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் நகலை ஏற்றிக்கொள்ளும் சிப் கைக்குள் வைப்பதற்கான தரத்தில் கண்ணாடிக் குழாய்க்குள் கிடைக்க வேண்டும், அந்தச் சிப் உங்கள் காரின் முறையையே பேச வேண்டும். இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம்.

சரி, நகல் வேண்டாம், சாவியிலிருக்கும் ஒரிஜினலையே கைக்குள் வைத்தால்? இதைத்தான் நீங்கள் கேட்டிருந்தீர்கள். பார்க்க ஆசையைக் கிளப்பும் யோசனை, ஏனென்றால் சில சாவிகளுக்குள் இருப்பது நிஜமாகவே ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், கையில் வைக்கும் சிப்பின் உருவத்திலேயே இருக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் கண்ணாடி உடம்புக்குள் இருக்கத் தேர்ந்தெடுத்த கண்ணாடி இல்லை, சாவி பிளாஸ்டிக்குக்குள் அசையாமல் இருந்தால் போதும் என்று செய்தது. நுண்ணுயிர் நீக்கப்பட்டதும் இல்லை. கைக்கென்று விற்கிற நல்ல குழாய்கள் ஷாட் 8625 என்கிற உயிரி இணக்கக் கண்ணாடியில் செய்யப்படுகின்றன, சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன், 12 மில்லிமீட்டர் நீளம், ஊசிக்குள்ளேயே நுண்ணுயிர் நீக்கி வருகின்றன. உடம்பை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் இந்த யோசனை நிற்காது. இக்னிஷன் வளையம் எட்டுவது ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். சாவியின் தலை அந்த வளையத்தை ஒட்டி நிற்கும், உங்கள் பெருவிரல் சதை அங்கே போகாது. கையை மடக்கிச் சிலிண்டர் மேல் வைத்து இன்னொரு கையால் சாவியைத் திருப்புவது என்றால் அதற்குச் சாவியே மேல். வண்டியை விற்றால் கைக்குள் இருப்பது எதற்கும் உதவாத கண்ணாடித் துண்டு.

பட்டன் ஸ்டார்ட் கார் வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்பதால் அவர்களுக்காக ஒரு பத்தி. பாக்கெட்டில் சாவி இருக்க, கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கிறதே, அந்த வகையில் கார் 125 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய அலையில் சாவியை எழுப்பும், சாவி தன் சொந்த பேட்டரியில் 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸில் பதில் அனுப்பும். கைக்குள் இருக்கும் சிப்புக்கு பேட்டரி கிடையாது, ஒரு மீட்டர் தள்ளி நின்று எதையும் அனுப்ப அதனால் முடியாது. அதனால் கைச் சிப்போடு காரை நெருங்கினாலே கதவு திறந்துகொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கையை ரீடர் மேல் வைத்தே ஆக வேண்டும்.

இனி உங்கள் வண்டிக்கு நிஜமாக நடக்கும் வழி. காரிடம் கைச் சிப்பைப் பேச வைக்க முயலாமல், இரண்டுக்கும் நடுவே உங்களுடைய ஒரு பெட்டியை வைக்கிறீர்கள். ஒரு ரீடர், ஒரு மைக்ரோகன்ட்ரோலர் (நாம் எழுதும் புரோகிராமை ஓட்டும் குட்டிக் கம்ப்யூட்டர்), சில ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சுகள்). ரீடர் சிப்பைப் படித்துச் சரிபார்க்கும், மைக்ரோகன்ட்ரோலர் ரிலேயைத் தட்டும், சென்ட்ரல் லாக்கின் திறக்கும் வயருக்கும் மூடும் வயருக்கும் அந்த ரிலே அரை வினாடி இணைப்புக் கொடுக்கும். கார் பார்வையில் யாரோ உள்ளே உட்கார்ந்து லாக் ஸ்விட்சை அமுக்கிய மாதிரிதான். கதவு வரைக்கும் இது ஒரு வார இறுதி வேலை, வயரிங் படம் கையில் இருந்தால்.

இதில் இரண்டு இடத்தில் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள், இரண்டிலும் நானும் மாட்டிக்கொண்டேன்.

ஒன்று பேட்டரி. ரீடர் எப்போதும் புலத்தை உண்டாக்கிக்கொண்டே இருந்தால் சந்தையில் கிடைக்கும் சாதாரண ரீடர் போர்டு 100 மில்லிஆம்பியர் வரை தின்னும். பார்க்க ஒன்றுமில்லாத அளவு மாதிரி இருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரியில் ஒன்பது நாளில் பாதி போய்விடும், வயதான பேட்டரி என்றால் அதற்கு முன்பே ஸ்டார்ட்டரைச் சுற்ற மறுக்கும். நான் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் வெளியூர் போய்விட்டு வந்தபோது கதவே திறக்கவில்லை, ரீடருக்கே கரண்ட் இல்லை. அன்றைக்குக் கையில் சாவி இருந்ததால் தப்பித்தேன். நிறுத்தி வைத்த வண்டியில் எல்லாம் சேர்ந்து இழுக்கிற மின்சாரம் 50 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகள் வழக்கமாக வைத்திருக்கும் கணக்கு, அதில் நம் பங்கு ஒன்றிரண்டு மில்லிஆம்பியருக்கு மேல் போகக் கூடாது. அதற்கு வழி, அரை வினாடிக்கு ஒரு தடவை ஐந்து மில்லிசெகண்ட் மட்டும் புலத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு அணைப்பது, மீதி நேரம் மைக்ரோகன்ட்ரோலரைத் தூங்க வைப்பது. இல்லையென்றால் ரீடர் பக்கத்தில் தொட்டால் எழுப்பும் ஒரு சென்சார் வைப்பது. நான் இப்போது வைத்திருப்பது இரண்டாவது.

இன்னொன்று ஆன்டெனா. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிப் போட்டுக்கொண்ட பிறகு படிக்கவே மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பிரச்சினை இங்கேதான். கண்ணாடிக் குழாய்க்குள் இருப்பது ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான குச்சியில் சுற்றிய ஒரு குட்டிக் காயில். அது காந்தப் புலத்தைக் குழாயின் நீளவாக்கில் வாங்கினால்தான் மின்சாரம் எடுக்கும். அட்டைகளுக்காகச் செய்த தட்டையான ரீடரிலோ, நட்ட நடுவில் புலம் ரீடரின் முகத்திலிருந்து நேராக வெளியே எழும்பி நிற்கும். நீங்கள் கையைத் தட்டையாக நடுவில் வைத்தால் குழாய் படுத்துக் கிடக்கும், புலம் நின்றுகொண்டிருக்கும், இரண்டும் சேராது. ரீடரின் ஓரத்துக்கு வாருங்கள். அங்கே புலக் கோடுகள் வளைந்து முகத்தை ஒட்டிப் படுக்கின்றன, குழாய் காயிலின் கம்பியைக் குறுக்கே கடக்கிற மாதிரி வைத்தால் உடனே பிடிக்கும். அதே ரீடர், அதே கை, ஒரு விரல்கடை நகர்த்தியதும் பிடிக்கும். கையில் சிப் இருப்பவர்களுக்கென்று ஃபெரைட்டில் சுற்றிய குச்சி மாதிரியான ஆன்டெனாவை நாமே செய்துகொண்டால் இன்னும் நல்லது.

காரில் இதை எங்கே வைப்பது? கதவின் இரும்புத் தகடுக்குப் பின்னால் வைத்தால் வேலை செய்யாது, இரும்பு புலத்தைத் தின்றுவிடும். கண்ணாடிக்குப் பின்னால், பின்கதவின் சின்ன முக்கோணக் கண்ணாடிக்கு உள்பக்கம், சைடு மிரரின் பிளாஸ்டிக் கூட்டுக்குள், இவையெல்லாம் நல்ல இடங்கள். வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடியாக இருந்தால் முதலில் சோதித்துப் பாருங்கள். ஆன்டெனாவுக்குப் பின்னால் தகடு வந்தே தீரும் என்றால் நடுவில் ஒரு ஃபெரைட் ஷீட் வையுங்கள். கண்ணாடியின் தடிமனையும் தோலையும் தாண்டி நிஜத்தில் கிடைப்பது சில மில்லிமீட்டரிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வரைதான், அதற்குத் தகுந்த மாதிரி கை இயல்பாகப் போய் ஒட்டும் இடமாகப் பாருங்கள்.

கதவு முடிந்தது, ஸ்டார்ட் பற்றி. இங்கேதான் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுவேன். சாவியைத் திருப்பும்போது ஆக்ஸசரி, இக்னிஷன், ஸ்டார்ட் என்று வரிசையாக இணைப்புகள் போகின்றன, அவற்றில் சிலவற்றில் பத்து ஆம்பியர்களுக்கு மேல் ஓடும். சாவியைத் திருப்பும் வேலையையே ரிலேக்களிடம் கொடுப்பதானால் பொம்மை ரிலே போர்டுகளை இங்கே கொண்டுவராதீர்கள். 12 வோல்ட் 40 ஆம்பியர் வாகன ரிலே, ஒவ்வொரு வயருக்கும் மின்சாரம் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ். மைக்ரோகன்ட்ரோலருக்கு வாகனத்துக்கான ரெகுலேட்டர், ஏனென்றால் காரின் 12 வோல்ட் என்பது பெயருக்குத்தான் 12, ஆல்டர்னேட்டர் ஓடும்போது 14ஐத் தாண்டும், ஓடும்போது பேட்டரி இணைப்பு ஒரு கணம் விட்டுப்போனால் 40 வோல்ட்டையும் தாண்டி எகிறும்.

அதைவிட முக்கியம் லாஜிக். சிப் சரிபார்ப்பு வண்டி நிற்கும்போது ஒரே ஒரு தடவை, ஸ்டார்ட்டுக்கு முன்னால் மட்டும். ஓட ஆரம்பித்த பிறகு ரீடர் செத்தாலும், புரோகிராம் தொங்கினாலும், மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆனாலும் இக்னிஷன் ரிலே விழக் கூடாது. விழுந்தால் வேகத்தில் இன்ஜின் நிற்கும், ஸ்டீயரிங் இறுகும், பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் சில மிதிகளுக்குத்தான் வரும். அதனால் ரிலே தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும் சுற்று போட்டு, நிறுத்துவதற்குத் தனியாக ஒரு பட்டன் கொடுங்கள். பிரேக் மிதித்திருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஸ்டார்ட்டர் ரிலே போகக் கூடாது. ஸ்டீயரிங் லாக்கோ முழுக்க இயந்திரம், சாவி இல்லாமல் விடுபடாது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பட்டன் ஸ்டார்ட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் செய்யவில்லை, உங்களையும் செய்யச் சொல்ல மாட்டேன். அரைகுறையாகக் கழற்றிய லாக் ஓட்டத்தில் விழுந்தால் ஸ்டீயரிங் அப்படியே நின்றுவிடும்.

நான் அந்த வழியில் போகவில்லை. என் வண்டியில் செய்தது என்ன என்றால், சிலிண்டரில் வெட்டு மட்டும் உள்ள, சிப் இல்லாத வெறும் சாவி ஒன்று எப்போதும் மாட்டியே இருக்கும். கைச் சிப் தருவது இம்மொபிலைசருக்கான அனுமதியை. வெறும் சாவியை யார் திருப்பினாலும் ஸ்டார்ட்டர் சுற்றும், வண்டி கிளம்பாது. கையை ஸ்டீயரிங் கவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திருப்பினால் கிளம்பும். இதற்கு ரிமோட் ஸ்டார்ட் மாட்டுகிறவர்களின் பழைய உத்தியே போதும்: நிறுவனத்திலிருந்து முறைப்படி வாங்கிக் காரில் பதிவு செய்த ஒரு உதிரிச் சாவியை டேஷ்போர்டுக்குள் எங்கோ ஆழமாக ஒளித்து, அதைச் சுற்றி ஒரு காயில் சுற்றி, அந்தக் காயிலின் வயரை இக்னிஷன் வளையத்தைச் சுற்றி இன்னொரு காயிலாகப் போட்டு, நடுவில் ஒரு ரிலே. ரிலே இணைப்பைத் துண்டித்திருக்கும்வரை ஒளித்த சாவி காருக்குத் தெரியாது, இணைத்தால் வளையத்துக்குள் சாவி இருக்கிற மாதிரி ஆகிவிடும். காரின் குறியாக்கம் எதையும் உடைக்கவில்லை, எதையும் நகல் எடுக்கவில்லை. சிலர் ரிலே கூட வைக்காமல் உதிரிச் சாவியை வளையத்துக்குப் பக்கத்திலேயே டேப் போட்டு ஒட்டிவிடுவார்கள். அப்படிச் செய்தால் இம்மொபிலைசரே இல்லாத வண்டி ஆகிவிடும், திருடனுக்கு மிச்சம் ஒரு ஸ்க்ரூடிரைவர் வேலைதான்.

இப்போதுதான் சிப்புக்கு வருகிறோம். எந்த ரீடரை எங்கே வைக்கப் போகிறோம் என்று தெரிந்த பிறகு வரும் கேள்வி இது: அந்த ரீடர் என்ன கேட்டால் சிப் என்ன சொல்ல வேண்டும்?

மலிவான 125 கிலோஹெர்ட்ஸ் சிப் சொல்வது ஒரு எண், யார் கேட்டாலும் அதே எண். பக்கத்தில் கொண்டுபோன ஒரு கையடக்கக் கருவி ஒரு நொடியில் படித்து இன்னொரு சிப்பில் எழுதிவிடும். போன்களும் படிக்கிற 13.56 மெகாஹெர்ட்ஸ் என்எஃப்சி வகையில் பிரபலமான என்டேக் 216ம் (888 பைட் இடம், 7 பைட் அடையாள எண்) இந்த விஷயத்தில் பெரிதாக உயர்ந்ததில்லை, கடவுச்சொல் வைக்கலாம் என்றாலும் அது 32 பிட், காற்றில் அப்படியே போகும். போனில் தட்டி முகவரி காட்டுவதற்கு அது அருமையான சிப், காருக்கு இல்லை. அதே அலைவரிசையிலுள்ள பழைய சிப்பான மைஃபேர் கிளாசிக்கின் குறியாக்கம் 2008லேயே உடைந்தது. காரை ஸ்டார்ட் செய்யப் போகிறீர்கள் என்றால் கார் சாவிச் சிப் போலக் கேட்கும் எண்ணுக்குக் கணக்கிட்டு விடை சொல்லும், அதை ஏஇஎஸ் 128 பிட் என்ற வலுவான குறியாக்கத்தில் செய்யும் சிப்தான் வேண்டும், டெஸ்ஃபயர் ஈவி2 மாதிரி. ரீடர் பக்கத்திலும் சிப்பின் அடையாள எண்ணை மட்டும் படித்துவிட்டுத் திறக்கிற சோம்பேறிப் புரோகிராம் எழுதாமல் முழுச் சரிபார்ப்பையும் எழுத வேண்டும். பலர் விலை அதிகமான சிப்பைப் போட்டுக்கொண்டு அடையாள எண்ணை மட்டும் ஒப்பிடுகிறார்கள், அது மலிவுச் சிப்பைப் போட்டதற்குச் சமம்.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்: கைச் சிப்பை நகலெடுக்க ஒருவர் உங்கள் கையைத் தொடுகிற அளவு நெருங்க வேண்டும், அதற்குப் பதில் கண்ணாடியை உடைப்பதே அவருக்குச் சுலபம். பாக்கெட்டிலிருக்கும் ஸ்மார்ட் சாவியின் சிக்னலை இருவர் சேர்ந்து நீட்டித்துக் காரை எடுத்துப் போவது போல இதில் தூரத்திலிருந்து செய்ய முடியாது. உண்மைதான். கதவுக்கு மட்டும் என்றால் இந்த வாதத்தை ஏற்பேன். இன்ஜினுக்கு ஏற்க மாட்டேன், அதுவும் அடுத்த பதினைந்து வருடம் கைக்குள் இருக்கப்போகிற ஒன்றில்.

புது வகைக் கார்கள் சிலவற்றில் இந்த வயர் வேலையே வேண்டாம். என்எஃப்சி அட்டையைச் சாவியாகத் தருகிற வண்டிகள் வந்துவிட்டன, டெஸ்லா மாடல் 3 அதில் நன்றாகத் தெரிந்தது. கதவுத் தூணில் ஒரு ரீடர், நடு கன்சோலில் ஒன்று. 2019ல் அமெரிக்காவில் ஒரு பெண் மென்பொருளாளர் அந்த அட்டையை அசிட்டோனில் கரைத்து, உள்ளே இருந்த சிப்பையும் ஆன்டெனாவையும் எடுத்து, உடம்புக்கு ஒத்துப்போகும் பாலிமரில் பொதிந்து முன்கையில் வைத்துக்கொண்டார். ஆரம்பத்தில் ஒரு அங்குலம்தான் எட்டியது, வீக்கம் வடிந்தால் கூடும் என்று காத்திருந்தார். இப்போது அந்தப் பாடு தேவையில்லை. அந்த அட்டை காரோடு பேசும் முறையை ஆர்வலர்கள் ஆராய்ந்து அதே மாதிரி நடக்கும் ஒரு சிறு நிரலை எழுதியிருக்கிறார்கள், ஜாவா கார்ட் நிரல்களை ஏற்றிக்கொள்ளும் கைச் சிப்பில் அதை ஏற்றி, ஏற்கெனவே பதிவான அட்டையைத் தட்டிப் புதுச் சாவியாகச் சேர்த்துக்கொள்ளலாம். ரகசியச் சாவி சிப்புக்குள்ளேயே பிறந்து சிப்புக்குள்ளேயே இருக்கும். இதுதான் இருப்பதிலேயே சுத்தமான வழி. ஆனால் இந்தச் சிப்புகள் கணக்குப் போடக் கூடுதல் மின்சாரம் கேட்பதால் குட்டிக் கண்ணாடிக் குழாயில் திணறும், தட்டையான பெரிய ஆன்டெனா உள்ள வளையும் வகையாகத்தான் நன்றாக வேலை செய்யும், அதை வைக்க ஊசி போதாது, தோலைக் கீறிப் பை மாதிரி பிரித்து உள்ளே தள்ள வேண்டும். போனையே சாவியாக்கும், கார் கனெக்டிவிட்டி கன்சார்டியம் என்ற நிறுவனக் கூட்டமைப்பு வகுத்த டிஜிட்டல் சாவி முறையில் வரும் கார்கள் வேறு ரகம். தயாரிப்பாளரின் சான்றிதழ் இல்லாத சிப்பை அவை சேர்த்துக்கொள்ளாது.

உடம்பு விஷயம். இந்தப் பழக்கம் நேற்று வந்ததில்லை, ரெடிங் பல்கலைக்கழகத்தின் கெவின் வார்விக் 1998ல் கையில் ஒன்றை வைத்துக் கதவுகளைத் திறந்து காட்டினார், அமால் கிராஃப்ஸ்ட்ரா 2005ல் கையில் வைத்துக்கொண்டு பிறகு இதற்கென்றே டேஞ்சரஸ் திங்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வைக்கும் இடம் தோலுக்குக் கீழே, தசையின் உறைக்கு மேலே, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதைப் பகுதியில், எலும்பு எதுவும் அழுத்தாத இடத்தில். அனுபவமுள்ள, நுண்ணுயிர் நீக்கும் ஒழுங்கு உள்ள, உடம்பில் துளையிட்டு நகை மாட்டும் கலைஞரோ சம்மதிக்கும் மருத்துவரோ செய்ய வேண்டும், வீட்டில் நீங்களே செய்யாதீர்கள். வலி ஊசி போடும் அந்த ஒரு நொடிதான், அப்புறம் இரண்டு மூன்று நாள் வீக்கமும் கன்னிப்போன நிறமும். இரண்டு வாரம் கனமான எதையும் அந்தக் கையால் இறுக்கிப் பிடிக்காதீர்கள், குழாயைச் சுற்றி உடம்பு ஒரு மெல்லிய திசு உறை கட்டும்வரை அது நகரக்கூடும். வீக்கம் இருக்கும்போது படிக்கும் தூரமும் குறைவாக இருக்கும், அதைப் பார்த்துவிட்டுச் சிப் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள்.

நாய் பூனைக்குப் போடும் சிப்பை மலிவு என்று வாங்காதீர்கள். அவற்றில் பல நகராமல் இருக்க மேலே ஒரு பூச்சோ உறையோ இருக்கும், திசு அதற்குள் வளர்ந்து கவ்விக்கொள்ளும், எடுக்க வேண்டி வந்தால் சதையோடுதான் வரும். தழும்பு தடித்து வளரும் உடம்பு, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, இதில் எது இருந்தாலும் முதலில் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். எம்ஆர்ஐ எடுக்கப் போனால் கையில் சிப் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஊசிக்கு முன்னால் ஒரு மாதம் இதைச் செய்யுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த அதே சிப், அதே கண்ணாடிக் குழாயில் சோதனைக்கென்று கிடைக்கும். அதை அதே இடத்தில், அதே கோணத்தில் மருத்துவ டேப்பால் ஒட்டிக்கொண்டு தினமும் வண்டியை எடுங்கள். நான் ஒட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பை எப்போதும் வலது கையில் இருப்பதால் நான் கதவைத் திறப்பது இடது கையால். சிப்பை வலது கையில் வைத்திருந்தால் காலம் முழுக்கப் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்திருப்பேன். மழையில், இருட்டில், இரண்டு கையும் நிறையச் சாமானோடு, கையுறை போட்டுக்கொண்டு, எல்லா விதமாகவும் பாருங்கள்.

அசல் சாவியைத் தூக்கிப் போடாதீர்கள், கதவின் இயந்திரப் பூட்டையும் எடுக்காதீர்கள். சர்வீஸுக்கு விடும்போது மெக்கானிக்கிடம் உங்கள் கையைக் கொடுத்துவிட்டு வர முடியாது, அதனால் பெட்டியை மொத்தமாக ஒதுக்கிவிட்டுச் சாதாரணச் சாவியில் ஓடும்படி ஒரு மறைவு ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும். வீட்டில் இன்னொருவர் ஓட்டுவார் என்றால் அவருக்கு அதே சிப் வகையில் ஒரு அட்டையையோ மோதிரத்தையோ பதிவு செய்து கொடுத்துவிடலாம். காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், திருட்டுப் போன பிறகு இம்மொபிலைசர் வயரில் கை வைத்திருப்பது தெரிய வந்தால் பணம் வருவது கஷ்டம்.

உங்கள் இடத்தில் நானாக இருந்தால் இந்த வரிசையில் போவேன்: இந்த மாதம் ரீடரும் கதவு ரிலேயும், சிப்புக்குப் பதில் அதே வகை அட்டை. பேட்டரி இழுவையை மீட்டர் வைத்து அளந்து, வண்டியை இரண்டு வாரம் அசையாமல் நிறுத்திப் பார்ப்பேன். அது தாண்டினால் உதிரிச் சாவிக் காயிலும் ரிலேயும். அதிலும் சில மாதம் ஒரு தடவை கூட வழியில் நிற்காமல் ஓடினால் டேப்பில் ஒட்டிய சிப். அதற்கும் பிறகுதான் துளையிடுபவரிடம் நேரம் கேட்பேன்.